இளநீர்த் தண்ணி

நல்ல தண்ணீர் கேட்டு மறியல் செய்த ஊருக்குக் குழாய் வரவில்லை, ஊசிதான் வந்தது. அதைப் போட்டுக்கொண்டவர்களுக்குக் குளத்துச் சாக்கடைகூட இளநீராய் மணந்தது, இனித்தது.

மகளைப் பெண் பார்க்க வெளியூரிலிருந்து வந்தவர்களுக்கு, முறைப்படி முதலில் செம்பில் தண்ணீர் கொடுத்தாள் முத்துப்பேச்சி. ஒரு வாய் குடித்த மாப்பிள்ளையின் அம்மா வாசலுக்கு ஓடி வாந்தியெடுத்தாள்.

“என்ன மதினி இது? எலி செத்த நாத்தமுல்லா அடிக்கி! இதையா குடிக்கிய?”

“நல்லாத்தான இருக்கு மதினி…”

காபிகூடக் குடிக்காமல் கிளம்பிப் போய்விட்டார்கள். முத்துப்பேச்சி அந்தச் செம்புக்குள் எட்டிப் பார்த்தாள். அடியில் சிவப்பாய் ஒரு புழு நெளிந்தது. இப்போதாவது குமட்டும் என்று காத்திருந்தாள். நாசமாய்ப் போன நாக்கில் எச்சில்தான் ஊறியது.