ஜெயிச்சா செலவு

மறுபடியும் வெறுங்கையோடு திரும்பினாள்.

ஒருத்தியைக்கூடத் தொடவில்லை. கபடி கபடி என்று பாடிக்கொண்டு போனாள். அந்தப் பக்கம் நாலு எட்டு, இந்தப் பக்கம் நாலு எட்டு. வந்துவிட்டாள்.

"என்னப்பா, உன் மக கோயிலச் சுத்தப் போன மாதிரி போயிட்டு வர்றா?"

பக்கத்தில் நின்ற டீக்கடைக்காரர் கேட்டார்.

அவன் மைதானத்தைச் சுற்றிக் கட்டியிருந்த கயிறு வரை நகர்ந்து நின்றான்.

இப்படி ஆடுகிறவள் இல்லை தர்ஷிகா. அரையிறுதியில் ஒரே மூச்சில் மூன்று பேரைத் தொட்டுவிட்டு வந்தவள். இது மாவட்ட இறுதி ஆட்டம். இன்றைக்குப் போய் என்ன வந்தது இவளுக்கு?

அப்போதுதான் காலையில் வீட்டில் பேசிய பேச்சு நினைவுக்கு வந்தது.

இன்று ஜெயித்தால் அடுத்த சனிக்கிழமை சென்னையில் மாநில ஆட்டம். பயணம், சாப்பாடு, தங்கல் எல்லாம் அவரவர் கைக்காசு என்று கோச் சொல்லியிருந்தார். வீட்டில் இருந்ததோ கூரைக்கு வைத்த பணம். மார்க்கெட்டில் மூட்டை தூக்கி, ஆடி மாதத்திலிருந்து வாயைக் கட்டிச் சேர்த்தது. ஐந்து ஷீட்டில் மூன்று விரிசல். ஐப்பசி மழை இதோ வருகிறது.

அவன் மனைவி வேலுத்தாய் இட்லித் தட்டைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

"அன்னைக்கு ஜெயிச்சா, ஷூ வாங்குனோம். அப்புறம் ஜெயிச்சா, முட்டிக்கு உறை. தெனம் ரெண்டு முட்டை வேற. இவ ஜெயிச்சா செலவு, தோத்தாத்தான் நமக்கு வரவு."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அவனும் சிரித்தான்.

மகள் கண்ணாடி முன்னால் சடை பின்னிக்கொண்டிருந்தாள்.

அவள் சிரிக்கவில்லை.

அது இப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

அடிப்பாவி. தோற்கப் பார்க்கிறாள்.

விசில் ஊதினார்கள். இடைவேளை. எட்டு பாயிண்ட் பின்னால்.

கயிற்றைத் தாண்டி உள்ளே போனான். மகள் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். அவனைப் பார்த்ததும் இன்னும் அண்ணாந்துகொண்டாள். பாட்டில் காலியான பிறகும் வாயிலிருந்து எடுக்கவில்லை.

அவன் குனிந்து அவள் முட்டி உறையை இழுத்துச் சரிசெய்தான்.

"கூரைய நாங்க பாத்துக்கிறோம்த்தா. நீ கோட்டப் பாரு."

பாட்டில் இறங்கியது.

"மழ பேஞ்சா?"

"நனைவோம்."

விசில்.

முதல் ரெய்டிலேயே இரண்டு பேர்.

அவன் கண்ணுக்கு முன்னால் வீட்டுக் கூரையிலிருந்து ஒரு ஆணி கழன்றது.

அடுத்த ரெய்டில் இன்னொருத்தி. ஒரு ஷீட்டு போயிற்று.

"அப்படித்தாண்டி!"

கத்தியது தான்தான் என்று அவனுக்கே கொஞ்சம் பிந்தித்தான் தெரிந்தது.

திரும்பவும் போனாள். குனிந்தாள், துள்ளினாள், வழுக்கிக்கொண்டு வந்தாள். இரண்டு ஷீட்டு. போகட்டும். மூங்கில் போயிற்று. அதுவும் போகட்டும். ஒவ்வொரு பாயிண்டுக்கும் வீட்டின் மேல் ஏதோ ஒன்று பிய்த்துக்கொண்டு பறந்தது. பறக்கப் பறக்க அவன் குதித்தான். டீக்கடைக்காரரின் தோளைப் பிடித்து உலுக்கினான். இவ்வளவு சந்தோஷமாக நஷ்டப்பட்டதே இல்லை அவன்.

கடைசி ரெய்டு. ஒரு பாயிண்ட் பின்னால்.

தொட்டாள்.

திரும்புவதற்குள் பிடித்துவிட்டார்கள். ஒருத்தி கணுக்காலை. ஒருத்தி இடுப்பை. மூன்றாவதாக ஒருத்தி முதுகில் விழுந்தாள். மகள் மண்ணில் குப்புறக் கிடந்தாள்.

நடுக்கோட்டுக்கு ஒரு முழம்.

பாட்டு நிற்கவில்லை. கபடி, கபடி. மண்ணுக்குள்ளிருந்து வருகிற மாதிரி வந்தது.

மைதானமே கையை நீட்டு, கையை நீட்டு என்று கத்தியது.

அவனுக்குத் தெரியும், கையில் ஒன்றும் இல்லை. முதுகில் பாரம் ஏறிவிட்டால் கையால் இழுக்க முடியாது. இருபது வருடமாக அவன் முதுகுக்குத் தெரிந்த விஷயம் அது.

"முட்டிய ஊனுத்தா! ஊனி உந்து!"

அவள் கேட்டாளா தெரியாது.

வலது முட்டி மெல்ல மடங்கியது. மண்ணைக் கண்டுபிடித்தது. ஊன்றியது.

மூட்டை தூக்கும்போது வருகிற அதே முக்கல் அவன் தொண்டையிலிருந்து வந்தது.

மூன்று பேரும் அவளோடு சேர்ந்து நகர்ந்தார்கள். ஒரு சாண். இன்னும் ஒரு சாண்.

நடுவிரல் கோட்டைத் தாண்டியது.

பிறகு விசில் ஊதியதா, யார் யாரைத் தூக்கினார்கள், டீக்கடைக்காரர் ஏன் அழுகிறார், ஒன்றும் அவனுக்குப் புரியவில்லை. ஒரு கால் செருப்பைக் காணவில்லை. தலைகளுக்கு மேலே மகளின் முகம் மட்டும் தெரிந்தது. வாயெல்லாம் மண். வாயெல்லாம் பல்.

சட்டைப்பையில் போன் அதிர்ந்தது.

வேலுத்தாய்.

காதில் வைத்தான். பேச வாயைத் திறந்தால் குரல் இல்லை. கத்திக் கத்திக் கட்டிப்போயிருந்தது.

அவன் சொல்ல வேண்டியிருக்கவும் இல்லை. இந்த இரைச்சலே அவளுக்குச் சொல்லியிருக்கும்.

அந்தப் பக்கம் மூச்சு மட்டும்.

அவன் கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தான்.

"ரயிலா, பஸ்ஸா?"

எச்சிலைக் கூட்டி விழுங்கினான்.

"ரயிலுதான் மலிவு."



"அப்ப மூணு டிக்கெட்டாக் கேளுங்க."