மூன்றாவது தோல்வி

“இன்னைக்கு நீங்க என் கார்னர்ல நிக்க வேண்டாம்ப்பா. மாமா மட்டும் போதும்.”

மகள் அப்பாவின் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னாள். குத்துச்சண்டையில் அவளுக்கு இது முதல் மேட்ச். வெளியே கேலரி நிரம்பிக்கொண்டிருந்தது.

“சரிம்மா,” என்றார் அப்பா. ஒரு காலத்தில் ஹெவிவெயிட் சாம்பியன். தோளில் போட்டிருந்த துண்டை எடுத்து மடித்துப் பெஞ்சில் வைத்தார். “நான் பின்னாடி உக்காந்து பார்க்கிறேன்.”

கிளம்பிவிட்டார். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசியிருந்தால் இவளும் நாலு வார்த்தை கத்தித் தீர்த்திருப்பாள். அதற்கும் வழியில்லாமல் போனதில் எரிச்சல் இன்னும் கூடியது.

“நல்ல காரியம் பண்ணினே,” என்றார் மாமா, அவள் கையில் துணியைச் சுற்றிக் கட்டியபடி.

மாமா, அம்மாவின் தம்பி. ரிங் மூலையில் நின்று தண்ணீர் கொடுப்பது, ரத்தம் துடைப்பது, காயத்துக்கு மருந்து வைப்பது எல்லாம் அவர் வேலை. ஊரில் யாருக்குப் புருவம் கிழிந்தாலும் அவரைத்தான் தேடுவார்கள். அப்படி ஒரு கைராசி.

“உங்கப்பா வந்து நின்னா கேலரி சும்மா இருக்குமா? ‘ஸ்டூல், ஸ்டூல்’னு கத்தியே உன்னைத் தோக்கடிச்சிருவானுங்க.”

அவளுக்குத் தெரியாததா? பள்ளிக்கூடத்திலேயே ‘ஸ்டூல் பொண்ணு’ என்று பெயர் வாங்கியவள்.

அப்பா தோற்றது மொத்தம் மூன்றே முறை. முதல் தோல்வி கத்துக்குட்டிக் காலத்தில், புள்ளிக் கணக்கில். அதை யாரும் ஞாபகம் வைத்துக்கொள்ளவில்லை. இரண்டாவதில் தாடையில் வாங்கிய குத்தில் மல்லாந்து விழுந்தவர், எழுந்ததும் ஜெயித்தவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். ஊரே அவரைத் தலையில் தூக்கி வைத்து ஆடியது.

மூன்றாவதைத்தான் ஊர் மன்னிக்கவில்லை. பாதி மேட்ச்சில், அடுத்த ரவுண்டுக்கு மணி அடித்த பிறகும், ஸ்டூலை விட்டு எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தார். ஏன் என்று கேட்ட நிருபர்களிடம், “பயந்துட்டேன்,” என்றார். பட்டமும் போனது, பேரும் போனது.

“எழுந்திரிங்க அத்தான், எழுந்திரிங்கன்னு கெஞ்சினேன். ஆள் அசையலையே! பக்கத்துல நின்ன எனக்கு மானம் போச்சு,” என்றார் மாமா. “சரி, இரு. ஐஸ் வாங்கிட்டு வந்துடறேன்.”

அவர் அந்தப் பக்கம் போக, இந்தப் பக்கம் கதவைத் தட்டிக்கொண்டு சிறப்பு விருந்தினர் உள்ளே வந்தார். ‘சுத்தியல்’ என்றால்தான் அவரை எல்லோருக்கும் தெரியும். அந்த மூன்றாவது மேட்ச்சில் அப்பாவை ஜெயித்துப் பட்டம் வாங்கியவர்.

“உங்கப்பாவைப் பார்க்கலாம்னு வந்தேன். இங்க இல்லையா?”

“கேலரியில இருக்காரு சார். கார்னருக்கு வர வேண்டாம்னு நான்தான் சொன்னேன்.”

“ஏம்மா?”

“உங்களுக்குத் தெரியாதா? உங்களைப் பார்த்துப் பயந்து உக்காந்தவர்தானே.”

சுத்தியல் கதவைச் சாத்தினார்.

“அவரு பயப்படலம்மா. அவருக்குக் கண்ணே தெரியல. புருவம் கிழிஞ்சு மருந்து வெச்சாங்க இல்ல, அது கண்ணுக்குள்ள இறங்கிடுச்சு. அதுக்கு அடுத்த ரவுண்டு பூரா காத்துலதான் குத்தினாரு. கட்டிப்பிடிச்சு நின்னப்போ மருந்து நெடி என் மூக்குலயே ஏறுச்சு. ரவுண்டு முடிஞ்சதும் போய் உக்காந்தவர்தான்.”

அப்பா மடித்து வைத்துவிட்டுப் போன துண்டை அவள் கையில் எடுத்தாள்.

“அப்ப அதைச் சொல்லியிருக்கலாமே! எதுக்குப் பயந்துட்டேன்னு சொல்லணும்?”

“நானும் அவர் ரூமுக்கே போய்க் கேட்டேன். என் கையைப் பிடிச்சுக்கிட்டாரு. ‘மச்சானுக்கு இதுதான் முதல் பெரிய மேட்ச். கை நடுங்க நடுங்க மருந்து வெச்சான். அவனாலதான்னு தெரிஞ்சா, அப்புறம் எவன் புருவத்துலயும் கை வைக்க மாட்டான். வெளிய விட்டுடாதப்பா’ன்னாரு.”

“மாமாவுக்குத் தெரியாதா?”

“இன்னை வரைக்கும் தெரியாது.”

“நீங்களாவது ஊருக்குச் சொல்லியிருக்கலாமே சார்?”

சுத்தியல் பிடரியைத் தடவிக்கொண்டார். “அவர் சொல்லாதேன்னாரு. எனக்கும் அது வசதியாப் போச்சு. கையில வந்த பட்டத்தை எவன்மா வேண்டாம்பான்?”

அந்த மட்டில் மனுஷன் பொய் சொல்லவில்லை.

கதவு திறந்தது. ஐஸ் பையோடு வந்த மாமாவுக்கு, சுத்தியலைப் பார்த்ததும் வாயெல்லாம் பல். கைகுலுக்கி, குசலம் விசாரித்து, வாசல் வரை போய் வழியனுப்பிவிட்டு வந்தார்.

“மாமா, போய் அப்பாவைக் கூட்டிட்டு வாங்க.”

“என்ன விளையாடறியா? இப்பத்தானே வேண்டாம்னே? கேலரி என்ன கத்தும்னு தெரியும்ல?”

அவள் மாமாவின் கைகளைப் பார்த்தாள். மருந்துக் குப்பியைத் திறந்து, பஞ்சு சுற்றிய குச்சிகளை அவர் ஒவ்வொன்றாக எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். கொஞ்சம்கூட நடுக்கம் இல்லை. உண்மை அவளுக்கு நுனிநாக்கு வரை வந்துவிட்டது.

“எனக்குப் பயமா இருக்கு மாமா,” என்றாள். “அப்பா பக்கத்துல நின்னாத்தான் ரிங்குல ஏறுவேன்.”

மாமா தலையில் அடித்துக்கொண்டார்.

“சரியாப் போச்சு! அப்படியே உங்கப்பாதான் நீ!”