சீரியலில் இல்லாத பரிதி

"யாருடி அந்தப் பரிதி?"

கும்பகோணத்துக்கு உரம் வாங்கப் போய்த் திரும்பிய குணசேகரன் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

மேகலா வெங்காயம் உரிப்பதை நிறுத்தாமல் சொன்னாள். "நான் எழுதுற கதையில வர்றவன். உங்களுக்கு யாரு சொன்னா?"

"உரக்கடை இர்பான். அவன் வீட்டம்மா படிச்சிட்டு, 'பரிதி மாதிரி இருக்கத் துப்பில்லையா'ன்னு அவன் மானத்தை வாங்குதாம். கடையே சிரிக்குது."

டிவி சீரியல் ஒன்றின் கதாநாயகியை வைத்து மேகலா செல்போனில், கதை போடும் ஆப் ஒன்றில், தன்பாட்டுக்கு ஒரு தொடர்கதை எழுதி வந்தாள். சீரியலில் அந்தப் பெண்ணுக்கு வாய்த்த புருஷன் சுத்தத் தண்டம். அதனால் சீரியலிலேயே இல்லாத பரிதி என்று ஒருத்தனைத் தானே உண்டாக்கி, அவளுக்குக் கட்டி வைத்துவிட்டாள். எட்டாயிரம் பேர் படிக்கிறார்கள். குணசேகரன் மட்டும் படித்ததில்லை. துரைக்கு அதுக்கெல்லாம் ஏது நேரம்?

இன்று பஸ்ஸில் திருப்பனந்தாள் வரும்வரை படித்தான்.

"சாப்பிட்ட தட்டை அவனே கழுவுறான். உனக்குத் தலைவலின்னா ரசம் வைக்கிறான்."

"எனக்கில்லைங்க, கதாநாயகிக்கு."

"ஏதோ ஒண்ணு. வாய்க்கால்ல புதுத் தண்ணி வர்ற அன்னிக்கு வண்டியில கூட்டிட்டுப் போய்க் காட்டுறான். நாகூருக்குக் கடல் பாக்கக் கூட்டிட்டுப் போறான். இதெல்லாம் சும்மா கற்பனையில வராது. அறுப்பு மெஷினோட வந்தானே, அந்தத் தமிழரசனா?"

"அவருக்குப் பேரன் பொறந்தாச்சு."

"அப்ப வேற யாரு? மரியாதையா சொல்லு. இல்லேன்னா கதையை இப்பவே அழிச்சிடு."

மேகலாவின் கை அப்போதுதான் நின்றது. சமைத்து, துவைத்து, மாட்டைக் கட்டி, மிஞ்சிய நேரத்தில் ஒரு வருஷமாக எழுதியது. அவளுக்கென்று இருப்பது அது ஒன்றுதான். அழுகை முட்டியது. அதைவிடக் கோபம் முட்டியது.

"சொல்றேன். ஆளு உங்களுக்கு நல்லாத் தெரிஞ்சவர்தான்."

"எனக்குத் தெரிஞ்சவனா?" குணசேகரன் வேட்டியை மடித்துக் கட்டினான். "எந்தப் பொறுக்கிடி அவன்? இன்னிக்கு அவனை உண்டு இல்லைன்னு பண்ணிடறேன்."

"நிச்சயத்துக்கும் கல்யாணத்துக்கும் நடுவுல நாலு மாசம், தினம் போன் பண்ணி 'உன்னை இப்படியெல்லாம் வச்சுக்குவேன்'னு சொன்னீங்களே, அதைத்தாங்க எழுதினேன். பேரை மட்டும் மாத்திட்டேன்."