கழுவாத பிலிம்

கறுப்பு மூடி போட்ட டப்பாவுக்குள் கழுவாத பிலிம் சுருள் ஒன்றை மஸ்கட்டுக்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தாள் ஞானசெல்வி. அங்கே போட்டோ ஸ்டுடியோவில் வேலை பார்க்கும் அவள் கணவன் இஸ்ரவேலுக்கு, மகள் பியூலாவின் அடக்கத்துக்கு வர லீவு கிடைக்கவில்லை. "யாருகிட்டயும் கழுவக் குடுத்துராத. எம்பிள்ள கடைசி முகத்த நானே கழுவிப் பாக்கேன். ஏர்போர்ட்டுல, எக்ஸ்ரேயில போட்டா படம் கெட்டுரும், போடாதீங்க, கையில பாருங்கன்னு கேளு, என்ன?" என்று போனில் அழுதான். காய்ச்சலில் போய்விட்டாள், முகம் தூங்குகிற மாதிரியே இருந்தது என்றுதான் அவள் அவனிடம் சொல்லியிருந்தாள். பியூலாவைக் கிணற்றிலிருந்து எடுத்தது மூன்றாம் நாள். பெட்டியை மூடுமுன் யாரோ வீட்டுக் கேமராவில் படம் எடுத்துவிட்டார்கள். அதே சுருளின் தொடக்கத்தில், பிறந்தநாள் கேக்கை வாயெல்லாம் அப்பிக்கொண்டு பியூலா சிரிக்கிறாள்.

சோதனை வரிசை நகர்ந்தது. கேட்க வேண்டிய இடம் வந்தபோது ஞானசெல்வி வாய் திறக்கவில்லை. டப்பாவைத் தட்டில் வைத்தாள். அது ரப்பர் திரைக்குள் போய் மறுபுறம் வந்தது. எடுத்துக் காதருகே ஆட்டிப் பார்த்தாள். உள்ளே சுருள் கடகடத்தது.

"சார், படமெல்லாம் அழிஞ்சிருக்குமா?"

பயந்துவிட்டாள் என்று நினைத்துக் காவலர் சிரித்தார். "ஒரு தடவைக்கு ஒண்ணும் ஆகாதும்மா. திரும்பத் திரும்பப் போனாத்தான் கெடும்."

அவள் தலையாட்டினாள். டப்பாவை உள்ளங்கைக்குள் பொத்திக்கொண்டு, வந்த வழியே திரும்பி, வரிசையின் கடைசியில் போய் நின்றாள்.