வெறும் குழியில் வெளிச்சம்

"போனவரை நெனைச்சு அழறதை விட்டா உங்களுக்கு வேற வேலையே இல்லையா மேடம்?" கஸ்தூரி கேட்டாள்.

வினோதினி செல்போனை வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். புருஷன் குவைத்தில். இந்த வருஷமும் லீவு இல்லையாம். ஏங்கி ஏங்கியே அவள் பாதியாகிவிட்டாள். ஆறுதல் சொல்ல வேண்டிய வயசுக்காரி இப்படியா பேசுவாள்?

பேசுவாள். கஸ்தூரியின் புருஷன் இன்னொருத்தியோடு பெங்களூர் பக்கம் போய் வருஷக்கணக்காகிறது. சனியன் ஒழிந்தது என்று லேப் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறவள். கல்நெஞ்சுக்காரி என்று வினோதினி என்றைக்கோ முடிவு கட்டிவிட்டாள்.

அன்றைக்கு வெள்ளிக்கிழமை. அந்த வேங்கிக்கால் லேபில் எல்லாரும் பயப்படும் நாள்.

சென்னைக் கம்பெனி அனுப்பும் மருந்துகளைத் தட்டின் சின்னச் சின்னக் குழிகளில் ஊற்றி, எந்தக் குழி எவ்வளவு ஒளிர்கிறது என்று மெஷினில் அளந்து சொல்வதுதான் வேலை. மருந்து ஊற்றாத குழி இருட்டாக இருக்க வேண்டும். மற்ற நாளெல்லாம் இருக்கிறது. வெள்ளிக்கிழமை மட்டும் மினுங்குகிறது. இன்றைக்கும் மினுங்கினால் கம்பெனி வேலையைப் பிடுங்கிக்கொள்ளும், வினோதினி வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

அவள் செய்து பார்க்காததில்லை. கறுப்புத் தட்டு வரவழைத்தாள். மெஷினின் விளக்கை மாற்றினாள். ஓரத்துக் குழிகளைக் காலியாக விட்டாள். ம்ஹூம்.

கடைசியில், ஒளிரும் கறையைக் காட்டிக்கொடுக்கும் நீல விளக்கைக் கையில் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தாள். மேஜை சுத்தம். தண்ணீர் சுத்தம். குழிகளில் மருந்து ஊற்றும் கஸ்தூரியின் கையுறை விரல்களில் மட்டும் பச்சையும் மஞ்சளுமாக ஒரு பளபளப்பு.

வினோதினிக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. பிழைப்பில் மண்ணள்ளிப் போட்டுவிட்டீர்களே என்கிற அளவுக்குப் பேசித் தீர்த்தாள்.

"சமையல் மஞ்சளா இருக்கும்," என்றாள் கஸ்தூரி, முகத்தைப் பார்க்காமல்.

"சமையல் தெனமும்தானே பண்றீங்க? வெள்ளிக்கிழமை மட்டும் எப்படிக்கா?"

கஸ்தூரி வெள்ளைக் கோட்டின் மேல் பொத்தானைக் கழற்றினாள். ஜாக்கெட்டுக்குள்ளிருந்து அவள் எடுத்த தாலிக்கயிற்றில், காலையில் தலைமுழுகிப் பூசிய மஞ்சள் இன்னும் ஈரமாக இருந்தது.

"வேலை நடுவுல கை அங்கயே போயிடுதுங்க மேடம்," என்றாள். "எவளோட இருந்தாலும், அந்தாளு நல்லா இருக்கணும் இல்லீங்களா?"