பீரோவில் இல்லாத டி-ஷர்ட்

டிவிக்குப் பின்னால் கிடந்த தூசித் துணி, ஒரு காலத்தில் கறுப்பு டி-ஷர்ட். செல்வின் தன் ராக் குழுவில் கிடார் வாசித்த மேடைகளிலெல்லாம் அதைத்தான் போட்டிருந்தான்.

"உன் ஆளு என் திரையில வந்திருக்கான்" என்றது டிவி. "பழசைப் பேசி அழுற நிகழ்ச்சி. இப்போ இதுக்குத்தான் கூட்டம்."

பின்னால் கிடந்த துணிக்குத் திரை தெரியாது. "என்ன சொல்றான்?"

"இப்போ வர்ற பாட்டெல்லாம் வெறும் இரைச்சலாம்."

"எங்க பாட்டையும் அப்படித்தான் திட்டினாங்க. அப்புறம்?"

"உன்னைப் பத்திதான். அந்தக் கறுப்பு டி-ஷர்ட்டை இன்னும் பீரோவுல மடிச்சு வச்சிருக்கானாம். சொல்லும்போதே அழுதுட்டான்."

துணி தன்னை ஒருமுறை பார்த்துக்கொண்டது. இரண்டு கைகளும் எப்போதோ கிழிக்கப்பட்டிருந்தன. "எந்த பீரோவுல?"

சோபாவில் உட்கார்ந்து டிவியில் தன்னையே பார்த்துக்கொண்டிருந்த செல்வின் எழுந்து வந்தான். "நான் அழுற இடத்துல பார்த்து இவ்வளவு தூசி!" என்றபடி டிவிக்குப் பின்னால் கையை விட்டுத் துணியை எடுத்தான். திரையில் தெரிந்த தன் முகத்தை அழுத்தித் துடைத்துவிட்டு, அதைப் பழைய இடத்திலேயே எறிந்தான்.

"இப்போ என்ன நடக்குது?" என்றது துணி.

"அரங்கத்துல எல்லாரும் எழுந்து நின்னு கைதட்டுறாங்க."