பத்தாவது பெட்டி

"மாமா, அந்தக் கோலை ஒரு அஞ்சு நிமிஷம் குடுங்க போதும். பத்திரமாத் திருப்பி மாட்டிடறேன்."

மருமகள் கையில் ரம்பத்தோடு கூடத்தில் நின்றாள். தலைமுடியெல்லாம் மரத்தூள். பெரியவர் செய்தித்தாளை மடிக்கவில்லை.

"எதுக்கு?"

"எங்க மழலைப் பள்ளிக்கு ஒரு கட்டை ரயில் செய்யறேன். ஒரு பலகைதான் பிளாட்பாரம், சரியா ஒரு மீட்டர் இருக்கணும். அதுல பத்துப் பெட்டி நிக்கணும். பத்துன்னா என்னன்னு பசங்க கையால தொட்டுப் பாக்கணும் மாமா. பெட்டியெல்லாம் சின்ன ஸ்கேலை வெச்சுப் பத்துப் பத்து சென்டிமீட்டரா அறுத்துட்டேன். பலகைக்குத்தான் ஸ்கேலைத் தள்ளித் தள்ளி அளந்தா அளவு நழுவுது."

"அது விளையாட்டுச் சாமான் இல்லைம்மா."

"துணி அளக்கற மீட்டர் கோல்தானே மாமா? அளக்கத்தானே கேக்கறேன்?"

"எங்கப்பா கை பட்ட கோல். இன்னொரு கை படக்கூடாது. போய் வேலையைப் பாரு."

கோல் அவருடைய தந்தையின் படத்துக்கும் மேலே, கூரையை ஒட்டி ஓர் ஆணியில் தொங்கியது. கறுத்த மரம், இரு முனையிலும் பித்தளைப் பூண். ஜவுளிக்கடை நடத்திய காலமெல்லாம் தந்தை அதனால்தான் துணி அளந்தார். கடை கைமாறிவிட்டது. ஆனால், "அந்த வீட்டுக்காரங்களா? அளவுல சுத்தமானவங்க" என்ற பேச்சு மட்டும் குடும்பத்தை விட்டுப் போகவில்லை. அந்தப் பேச்சுக்காகவே பெரியவர் இன்றும் தெருவில் நிமிர்ந்து நடந்தார்.

மதியம் ஆடும் சாய்வு நாற்காலியில் கண்ணயர்ந்தார். எங்கோ ரம்பம் இழுபடும் ஓசை. அது மெல்ல மெல்லத் துணி கிழிபடும் ஓசையாகி அவர் உறக்கத்துக்குள் வந்தது. கனவில் தந்தை அளந்துகொண்டிருந்தார். சிவப்புத் துணி, நீலத் துணி, மறுபடி சிவப்பு. வாங்க வந்தவர்கள் மூட்டை மூட்டையாகக் கொண்டுபோனார்கள். எவ்வளவு கொண்டுபோனாலும் துணி மிஞ்சிக்கொண்டே இருந்தது. அது வாசலைத் தாண்டி, ஆறுபோலத் தெருவில் ஓடியது.

விழித்தபோது பார்வை தானாகவே மேலே போனது.

ஆணி மட்டும் இருந்தது. கீழே ஏணி சாத்தியிருந்தது.

பின்னறைக்கு அவர் நடந்த வேகத்தில் நாற்காலி வெகுநேரம் ஆடிக்கொண்டிருந்தது. ஜன்னல் வெயிலில் மரத்தூள் பொன்னாக மிதந்தது. தரையில் நீளப் பலகை. அதன்மேல் சிவப்பும் நீலமுமாகக் கட்டைப் பெட்டிகள். பக்கத்தில் கோல்.

"யாரைக் கேட்டு எடுத்தே?"

"கேட்டேனே மாமா, நீங்கதான் குடுக்கலை" என்றாள் மருமகள், தலையைக் குனிந்துகொண்டே. "பலகையை அறுக்கற வரைக்கும்தான். இதோ மாட்டிடறேன்."

அவர் வாயைத் திறப்பதற்குள் விசும்பல் கேட்டது. பலகையின் கடைசியில் பேத்தி குப்புறப் படுத்திருந்தாள். கன்னத்தில் ஒரு நீலத் தீற்றல், அதன்மேல் கண்ணீர்.

"இவ எதுக்கு அழறா?"

"பத்தாவது பெட்டி நிக்க மாட்டேங்குது. ரெண்டு விரக்கடை வெளியே துருத்துது. நடுவுல இடுக்கு விட்டிருப்பேடின்னு சொன்னேன். அதுக்குத்தான் இந்தக் கச்சேரி."

"நான் இடுக்கே விடலை!" பேத்தி எழுந்து உட்கார்ந்தாள். "பாரு தாத்தா, ஒட்டி ஒட்டித்தான் வெச்சேன். ஒம்பது பெட்டி பிளாட்பாரத்துல நிக்குது. பத்தாவது பெட்டி மட்டும் வெளியே நிக்குது. அதுல இருக்கறவங்க தூங்கிட்டிருக்காங்க. தூக்கக் கலக்கத்துல இறங்கினா விழுந்துடுவாங்க."

"யாரும் விழ மாட்டாங்கடி. அம்மா சரி பண்றேன்" என்று மருமகள் உப்புத்தாளை எடுத்தாள். "என் ஸ்கேல்தான் வெயில்ல கிடந்து நீண்டுபோச்சு போலிருக்கு மாமா. ஒவ்வொரு பெட்டியிலயும் கொஞ்சம் தேய்ச்சுட்டா சரியாயிடும். உங்க கோல் தப்பாது. அது ஊருக்கே தெரியுமே."

முதல் பெட்டியைத் தேய்க்கத் தொடங்கினாள். நீல வண்ணம் பொடியாகி அவள் மடியில் உதிர்ந்தது. பெரியவர் பார்த்துக்கொண்டே நின்றார். தடுக்கவில்லை. கோலைக் கையில் எடுத்துத் துண்டால் துடைத்தார்; பித்தளைப் பூணைத் தனியாகத் துடைத்தார். மாட்டுவதற்காகக் கூடத்துப் பக்கம் திரும்பினார்.

வேட்டி நுனியை ஒரு சின்னக் கை பிடித்தது.

"தாத்தா, எனக்குப் பத்து எண்ணத் தெரியலையா?"

அவர் நின்றார். உப்புத்தாளின் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

"நிறுத்தும்மா" என்றார்.

"இன்னும் நாலு இழுப்புதான் மாமா."

"நிறுத்துன்னு சொல்றேன்ல? பெட்டியைத் தொடாதே. எல்லாப் பெட்டியும் சரியா இருக்கு. குழந்தை எண்ணினதும் சரி, வெச்சதும் சரி." அவர் மெல்ல முழங்கால் மடக்கித் தரையில் உட்கார்ந்து, கோலைப் பேத்தியின் மடியில் வைத்தார். "உனக்கு நல்லா எண்ணத் தெரியும் கண்ணு. பலகைதான் குட்டை. அதை அளந்த இந்தக் கோல் குட்டை."

மருமகள் சிரித்துவிட்டாள்.

"கோலா? என்ன மாமா, குழந்தையைச் சமாதானப்படுத்தறதுக்குன்னு உங்கப்பா சொத்து மேலேயே பழி போடறீங்களே! கோலை அளந்துகூடப் பாக்கலை. அதுக்குள்ள எப்படிச் சொல்றீங்க?"

பெரியவர் திறந்திருந்த கதவு வழியே, கூரையை ஒட்டித் தனியாக நின்ற ஆணியைப் பார்த்தார்.

"யார் கைக்கும் எட்டக்கூடாதுன்னு அந்த ஆணியை அடிச்சவனே நான்தானேம்மா."